பேசுவது தைராய்டு

கையிலிருந்த அட்டையில் முப்பத்தேழு, சுவரிலிருந்த பெட்டியில் சிவப்பாக இருபத்திரண்டு. இடையில் இருப்பவர்கள் பதினாலு பேர். அந்தப் பதினாலு பேரும் உள்ளே போய்த் திரும்புவதற்குள் சண்முகவடிவு தன் கழுத்தை என்ன செய்வது என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மாத்திரையா, அயோடினா, ஆபரேஷனா. ஆறு வாரத்துக்கு முன்னால் டாக்டர் ஜாய்ஸ் சீட்டு எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "இப்போதைக்கு இந்த மாத்திரையைப் போடுங்க, படபடப்பு அடங்கட்டும். அடுத்த தடவை வரும்போது மூணுல எதுன்னு யோசிச்சிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னது அரை நிமிஷம், வடிவு யோசித்தது ஆறு வாரம், இன்னும் முடிந்தபாடில்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் மூன்றை முன்னால் வைத்து உனக்கு எது வேணும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. தீபாவளிப் புடவையையே புருஷனின் அக்கா உலகம்மாதான் எடுத்துத் தருவாள், வருஷம் தவறாமல் பாசிப்பயறு நிறத்தில், வடிவின் நிறத்துக்கு அதுதான் எடுக்கும் என்று சொல்லி. இஷ்டத்துக்கு எடுத்துக்கோ என்று முதன்முதலாக அவள் கையில் கொடுக்கப்பட்டது ஒரு வியாதி. அதையும் உருப்படியாக எடுக்கத் தெரியவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததும் வியர்த்தது. வியர்த்ததும், இந்த வியர்வை வெயிலா தைராய்டா என்ற சந்தேகம் வந்தது. ஏசி பெட்டிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை வந்த உடனேயே பிடித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த ஆவுடையப்பன் கைக்குட்டையைத் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டு, மடியில் சுருட்டி வைத்திருந்த சார்ட் பேப்பர் உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அரசு உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மனைவிக்கு நோய் என்று தெரிந்த அன்றைக்கே, கழுத்துக்குள் தைராய்டு எப்படி இருக்கும் என்று பென்சிலில் நிழல் போட்டு வரைந்து, கீழே மூன்று கட்டம் கட்டி, ஒவ்வொரு வைத்தியத்துக்கும் நன்மை இன்னது தீமை இன்னது என்று கலரில் எழுதிவிட்டார். படம் அழகாகத்தான் இருந்தது. தன் கழுத்துக்குள் இத்தனை லட்சணமாக ஒன்று இருக்கிறதா என்று வடிவு ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டாள். தீமைக் கட்டத்தில் இடம் போதாமல் போய் அவர் இன்னொரு தாளை ஒட்டியதைப் பார்த்ததும் அந்தப் பெருமை போய்விட்டது.

இருபத்திமூன்று. ஒரு பெரியவர் எழுந்து, நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு உள்ளே போனார், வெளியே வந்த பிறகும் உட்காருவார் போல. அந்தத் துண்டைப் பார்த்ததும் வடிவுக்குத் தபாலாபீஸ் ஞாபகம் வந்தது, அங்கேயும் வரிசையில் பை வைப்பார்கள், செருப்பு வைப்பார்கள், ஒருத்தர் கத்தரிக்காய் கூட வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதிவுத் தபால் கவுண்டரில் பதினெட்டு வருஷம். அதில் பதினேழு வருஷம் அவள் மந்தம். அவளே ஒத்துக்கொள்வாள். அவள் கவுண்டரில் வரிசை நகராது என்று தெரிந்தவர்கள் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விடுவார்கள், தெரியாதவர்கள் நின்று நின்று தெரிந்துகொள்வார்கள். வீட்டிலும் அதே கதைதான், யார் என்ன சொன்னாலும் பதில் அவளுக்கு மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் தோன்றும். அப்போது யாரிடம் போய்ச் சொல்வது, குழாயிடமா. இப்படி இருந்தவளுக்குப் போன ஐப்பசியில் என்னமோ ஆயிற்று. விடியுமுன்னே தூக்கம் கலைந்தது. ஆறு இட்லி தின்றும் பசித்தது, தின்னத் தின்ன ரவிக்கை தொளதொளத்தது. கை முத்திரைக் கட்டையைப் பிடித்தால் தடதடவென்று போட்டுத் தள்ளியது, வரிசை கரைந்தது, போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒருநாள் அவர், "மேடம், மத்தியானம் சேர்த்து நீங்களே அடுத்த கவுண்டரையும் பாத்துக்கோங்களேன்" என்றபோது, "அதுக்கு ஆள் போட வேண்டியது உங்க வேலைல்லா சார், என்கிட்ட ஏன் கேக்கீங்க" என்று ஒரு குரல் கேட்டது. யாரடா இது என்று திரும்பிப் பார்த்தாள். அவள்தான். சொல்லிவிட்டு அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, பயம் என்று நினைத்தாள், அப்புறம் பார்த்தால் பயம் இல்லை, சந்தோஷம். பதில் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, சூடு ஆறாமல் வந்துவிட்டதே என்கிற சந்தோஷம். அன்று சாயங்காலம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரியிடம்கூட அவசியமில்லாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். நாலு மாதம் அப்படி ஒரு ராஜ்ஜியம். நாற்பத்தாறு வயதில் தனக்கு தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இது தைரியம் இல்லம்மா, தைராய்டு என்கிற மாதிரி சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு அவள் அழுதது நோய்க்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதைவிட மோசம், அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு ஒரு வசதி கிடைத்துவிட்டது. வடிவு எதைச் சொன்னாலும் அவர் மென்மையாகச் சிரிப்பார், எதிரே இருப்பவரிடம் குரலைத் தாழ்த்தி, "அவ பேசல, தைராய்டு பேசுது" என்பார். பால்காரரிடம் சொன்னார், மாடி வீட்டில் குடியிருப்பவரிடம் சொன்னார், போனில் அக்காவிடம் வாரம் தவறாமல் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. சண்டை வரக்கூடாது என்பதற்காக ஆயுசு பூராவும் யாராவது சொன்னதைப் பூசி மெழுகிக்கொண்டிருப்பவர், அவ்வளவுதான். ஆனால் அவள் வாய் திறந்து சொன்னதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சுரப்பியின் பேரில் எழுதிவைத்துவிட்டால், கடைசியில் அவள் பேரில் என்ன மிஞ்சும். சோறு வடித்தது மட்டும் மிஞ்சும். இதை அவரிடம் கேட்டே விட வேண்டும் என்று திரும்பினாள். அவர் முக்காட்டுக்குள் கண்ணை மூடியிருந்தார். கேட்டால் இதையும் தைராய்டு கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள். இருபத்தாறு.

சரி, ஆபரேஷன். கழுத்தைக் கீறி, எடுத்து, தைத்துவிடுவார்கள், ஒரே நாளில் விஷயம் முடிந்தது. தழும்பு தெரியும், தெரியட்டும், தாலிச் சங்கிலி மறைத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சுரப்பிக்குப் பின்னாலேயே குரலுக்கு வேண்டிய நரம்பு ஓடுகிறதாம், எங்கேயாவது ஒருத்தருக்கு அதில் கைபட்டு, குரல் கம்மிப்போவது உண்டாம். ஆவுடையப்பன் சார்ட்டில் அந்த நரம்பை மஞ்சள் கலரில் காட்டியிருந்தார். எத்தனையோ பேரில் ஒருத்தருக்கு என்றுதான் டாக்டர் சொன்னார், அந்த ஒருத்தர் யார் என்பதில் வடிவுக்குச் சந்தேகமே இல்லை. இருபத்தோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தபோது கெட்டுப் போகாத குரல், திறந்து நாலு மாதம் ஆனதும் போனால் எப்படி இருக்கும். காற்று மட்டும் வரும். உலகம்மா போனில், "என்ன வடிவு, கேக்கல, சத்தமாச் சொல்லு" என்பாள். வேண்டாம். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். எதிரே இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, ஒரு இடம் தள்ளி வந்து உட்கார்ந்து, நெடுநாள் பழகியவள் மாதிரி கேட்டாள்: "ஒங்களுக்குக் கூடவா, கொறவா?" இந்த ஆஸ்பத்திரியில் ஊர் பேர் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். "கூட" என்றாள் வடிவு, என்னமோ பரீட்சையில் மார்க்கு கூட என்பது போல. "எனக்கும் முன்னால கூடத்தான். அயோடின் குடுத்தாங்க, இப்பக் கொறவு. காலையில ஒரு மாத்திர, சாவுற வரைக்கும். அது ஒண்ணும் பெருசில்ல, பல்லு தேய்க்கிற மாதிரி பழகிரும்." நல்ல நிறைவான முகம், கடையநல்லூர்ப் பக்கம் ஊராம், அவசரமில்லாமல் பேசினாள். அயோடின் கொடுத்தபோது என்ன செய்தது என்று வடிவு கேட்டாள். "ஒண்ணுமே செய்யாது. விழுங்க வேண்டியதுதான். ஆனா அதுல கதிர்வீச்சு இருக்காம், பிள்ளத்தாச்சி, சின்னப் பிள்ளைக பக்கத்துல போவக்கூடாது, தனி ரூம்பு, தனித் தட்டு, தனிக் கக்கூஸ். அடுப்படிக்கே விடல. சோத்தக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போயிட்டாவ." சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தாள்.

வடிவு சிரிக்கவில்லை. அடுப்படிக்கே விடல என்ற வார்த்தையிலேயே அவள் நின்றுவிட்டாள். தனி ரூம், தனித் தட்டு, சோறு வாசலுக்கு வரும். இதைத் தீமைக் கட்டத்தில் போய் எழுதியிருக்கிறாரே இந்த மனுஷன். வைகாசியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சரியாக ரெண்டு நாளைக்கு முன்னால் அயோடினை விழுங்கிவிட்டால் என்ன. உலகம்மா மதினி, அடுத்த ரெண்டு மதினிமார், அவர்கள் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்தி எல்லாம் வந்து இறங்கும்போது வடிவு கதவுக்கு அந்தப் பக்கம். கதவில் ஆவுடையப்பன் கையால் சிவப்பில் அபாயம் என்று எழுதி ஒட்டியிருக்கும், அவர் கையெழுத்துக்குப் பார்க்க ஜோராக இருக்கும். வருஷா வருஷம் அவள் பொங்கிப் போட்டே பழகிய பதினேழு பேரும் சோறு யார் வடிப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது, அயோடினே என்று முடிவு செய்து, அட்டையைக்கூட உள்ளே போகத் தயாராகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் உறைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் கொடையை எப்படிப் பார்ப்பது. முந்தாநாள் மதினியிடம் போனில் பேசியதெல்லாம் அதற்குத்தானே. கோயில் வீட்டிலிருந்து நாலாவது மனை. இருபத்தோரு கொடை நடந்துவிட்டது, ஒரு வில்லுப்பாட்டை அவள் பந்தலில் உட்கார்ந்து கேட்டதில்லை. அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள், அதுவும் கதை சூடு பிடிக்கிற இடத்தில் யாராவது மிக்சியைப் போட்டுவிடுவார்கள். மதியக் கொடைக்கு அம்மன் அலங்காரம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான் தெரியும். ஒரே ஒரு வருஷம், தலைக்குக் குளித்து, பூ வைத்து, பந்தலில் முன்வரிசையில் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு, ஆரம்பத்திலிருந்து வாழி பாடுகிற வரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். இதுதான் ஆசை. சொன்னால் சிரிப்பார்கள், இதற்கா இத்தனை பாடு என்று. அயோடின் வேண்டாம். பந்தலெல்லாம் சின்னப் பிள்ளைகள்.

"அது போவட்டும், கோவம்? கூட இருந்தப்ப ஒங்களுக்குக் கோவம் வருமா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். "ஏ யப்பா, அப்ப வராத கோவமா. எங்க மாமியாள விளக்குமாத்த எடுத்துட்டு வெரட்டிருக்கேன்." "இப்ப?" அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்கிறாளா, மறந்துவிட்டாளா என்று தெரியவில்லை, அவ்வளவு நேரம் ஆயிற்று. "இப்ப எதுக்குன்னு இருக்கு" என்றாள். வடிவு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏசி இல்லை, பயம். எதுக்குன்னு இருக்கு. இந்த வார்த்தையை அவளுக்குத் தெரியும். இருபத்தோரு வருஷம் அவள் தினமும் சொன்ன வார்த்தை. மதினி சொன்னாளே என்று சரி, அவர் சொன்னாரே என்று சரி, எதுக்கு வம்பு, எதுக்குன்னு இருக்கு. மூன்றில் எதை எடுத்தாலும் கடைசியில் போய்ச் சேருகிற ஊர் அதுதான் போலிருக்கிறது. வெட்டி எடுத்தாலும் அங்கேதான், சுட்டு அடக்கினாலும் அங்கேதான், மாத்திரையில் கொஞ்சம் சுற்றி, ஒன்றரை வருஷம் அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு. மாத்திரையை முதல் வாரத்தில் ஒருநாள் அவள் வாஷ்பேசினுக்கு நேராகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போட்டுவிட்டால் தண்ணீரோடு போய்விடும், யாருக்கும் தெரியாது, வாய் இருக்கும். ஆனால் டாக்டர், "இதை இப்படியே விட்டா ஹார்ட்டைப் பிடிக்கும், எலும்பு கரையும்" என்று சொல்லியிருந்தார். செத்த பிறகு வாய் இருந்து என்ன பிரயோஜனம் என்று விழுங்கிவிட்டாள். அப்புறம் ஒருவேளை தவறவில்லை. இருந்தாலும் அந்த ஒரு நிமிஷம் நின்றது நின்றதுதான், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முப்பது. பெரியவரின் துண்டை ஒரு அம்மாள் எடுத்து மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்து, "என்ன வடிவு, முடிவு பண்ணிட்டியா? நான் சொல்லுதேன், அம்ம சொன்னபடியே செஞ்சிருவோம்" என்றார். அம்ம சொன்னது என்ன என்பதில்தான் வழக்கே. போன செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக ரெண்டு பொட்டலம்தான், வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, வேண்டுமா வேண்டாமா என்று கேட்பது. அம்மனிடம் இதுவரைக்கும் யாரும் மூன்று வைத்துக் கேட்டதில்லை என்று பூசாரி யோசித்தார். கடைசியில் நந்தியாவட்டை, செவ்வரளி, மஞ்சள் செவ்வந்தி மூன்றையும் வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டார். எடுத்துக் கொடுக்கக் குழந்தை வேண்டும், பள்ளிக்கூட நேரம், ஒரு குழந்தையும் அகப்படவில்லை. "நானும் அம்மைக்குப் பிள்ளைதானே" என்று சொல்லி எழுபது வயது பூசாரியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தால் செவ்வரளி. ரெண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அப்ப மாத்திரை" என்றார் ஆவுடையப்பன். "அப்ப ஆபரேஷன்" என்றாள் வடிவு, அதே மூச்சில். அவருக்கு மாத்திரை இளஞ்சிவப்பாக இருக்கிறது, அதனால் சிவப்பு என்றால் மாத்திரை. அவளுக்கு ஆபரேஷன் என்றால் ரத்தம், ரத்தம் என்றால் சிவப்பு, இதைப் போய்ச் சொல்லிக்கொண்டு இருப்பார்களா. எது எதற்கு என்று பேசிவைத்துக்கொள்ள ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை. சார்ட்டில் அத்தனை கலர் அடித்த மனுஷனுக்கும் தோன்றவில்லை. அம்மனிடம் திரும்பக் கேட்கலாமா என்றதற்குப் பூசாரி முகத்தைச் சுளித்தார்: "சொன்னத ஒழுங்காக் கேக்காம ஒங்க வீட்டுப் பிள்ளை மறுபடியும் கேட்டா ஒங்களுக்குக் கோவம் வராதா?" ஆக, அம்மன் தெளிவாகச் சொல்லிவிட்டாள், இவர்களுக்குத்தான் விளங்கவில்லை. வடிவுக்கு இப்போது இன்னொரு சந்தேகம். அவர் அன்றைக்கே மனசுக்குள் மூன்று பூவுக்கும் மாத்திரை என்றுதான் வைத்திருப்பார். எந்தப் பூ வந்திருந்தாலும் அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். ரத்தம் பார்த்தால் மயங்குகிற ஆள்.

ரத்தம் என்றதும் முந்தாநாள் ஞாபகம் வந்தது. முந்தாநாள் காலையில்தான் ரத்தம் கொடுத்தாள், வெறும் வயிற்றில். லேப்பிலிருந்து நேரே டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து, ஆறு இட்லி இறங்காமல் நாலோடு நிறுத்தி, லீவு நாளாக இருந்ததால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது மத்தியானம் உலகம்மா போன். மதினி எடுத்த எடுப்பில் விசாரிக்கமாட்டாள், அறிவிப்பாள். "வடிவு, கொடைக்குப் பதினேழு பேரு வாரோம். இந்தத் தடவ அரிசி சாக்கு முன்னாலயே வாங்கிப் போட்டுரு. நீ எப்பவும் போல ஒரு வாரம் லீவு சொல்லிரு." வடிவு பூண்டை வைத்தாள். நெஞ்சு அடிக்குமே என்று காத்திருந்தாள், கை நடுங்குமே என்று பார்த்தாள். ஒன்றையும் காணோம், ஆனாலும் பேச்சு வந்தது. "வாங்க மதினி. எல்லாரும் வாங்க. ஆனா நான் லீவு போடல. கொடை அன்னிக்கு ஒருநா மட்டும் போடுவேன், அதுவும் கொடை பாக்க. சோறு எல்லாருமாச் சேந்து பொங்குவோம், இல்லன்னா சமையலுக்கு ஆள் சொல்லிக்குவோம்." அப்புறம், "ஏன் வடிவு, ஒடம்புக்கு ரொம்ப முடியலையா?" என்றாள் உலகம்மா, பாவம், நிஜமான கரிசனத்தோடு. ஆவுடையப்பன் ஓடி வந்து போனை வாங்கி, கொல்லைப்பக்கம் போய், வாழை மரத்தோடு பேசுகிற மாதிரி குனிந்து நின்று பேசினார். வார்த்தை காதில் விழாவிட்டாலும் என்ன சொல்கிறார் என்று தெரியும். தைராய்டு. ரெண்டு நாள்ல டாக்டரப் பாக்கப் போறோம்க்கா. சரியாயிரும். சரியாயிரும் என்றால், வைகாசிக்குள் சரியாகிவிடும், அரிசி வாங்கிப் போட்டுவிடுவாள், லீவு சொல்லிவிடுவாள். அதைத்தான் அவளும் நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். அன்று பேசியது கடைசித் துளி தைராய்டாக இருந்து, கொடைக்குள் அது வற்றிப்போய், உலகம்மா வாசலில் வந்து இறங்கும்போது, "சரி மதினி" என்று தன் வாயே சொல்லிவிடுமோ என்று. யாரும் அவளைப் பிடித்து அடுப்படிக்குள் தள்ள வேண்டியதில்லை, குணமானால் போதும், அவளே போய்விடுவாள்.

முப்பத்தேழு என்று பெட்டி கூவியபோது அவள் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. ஆவுடையப்பன் முக்காட்டை எடுத்து மடித்துப் பையில் வைத்தார், சார்ட்டை ஒருகையில் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு முன்னால் போனார். டாக்டர் ஜாய்ஸ் நாடியைப் பிடித்தார், கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டு எச்சில் விழுங்கச் சொன்னார். "எப்படி இருக்கும்மா?"

"வியர்க்கு டாக்டர்."

"அது சித்திரை மாசம். எனக்கும் வியர்க்கு. தூக்கம்?"

"வருது. ஆனா நெனப்பு ஓடிக்கிட்டே இருக்கு. ஒண்ண நெனச்சா ஒம்பதுல போயி நிக்கி."

"என்ன நினைப்பு?"

அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. "குணமாயிட்டா நான் பழையபடி ஆயிருவேனா டாக்டர்?" டாக்டர் ஆறுதலாகச் சிரித்துக்கொண்டு, "கவலையே படாதீங்க, அச்சு அசலா பழையபடி" என்று சொல்லியவாறு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். வடிவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆவுடையப்பன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பரவால்லையே. நல்லாக் கேட்டிருக்கு மாத்திரை" என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி. "டி3, டி4 ரெண்டும் அளவுக்குள்ள வந்துட்டு. டிஎஸ்ஹெச் மட்டும் மெதுவாத்தான் ஏறும், அது வழக்கம். நீங்க இப்பவே பழையபடிதான்மா இருக்கீங்க."

சாய்ந்தவர் நிமிர்ந்தார். "எப்ப எடுத்த ரத்தம் டாக்டர் அது?"

"முந்தாநாள் காலையில. ஏன்?"

"முந்தாநா மத்தியானம் எங்க அக்கா போன் போட்டிருந்தா."

"சரி."

"இவ பேசுனா."

"பேசட்டும் சார்."

"இல்ல டாக்டர், ஒரு பேச்சு பேசுனா." ஆவுடையப்பன் சார்ட்டை மேஜைமேல் வைத்தார், அது உருண்டு போய்க் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. "லீவு போட மாட்டேன்னு சொல்லிட்டா. பதினேழு பேருக்குப் பொங்க மாட்டேன்னுட்டா. அது தைராய்டு இல்லையா?"

டாக்டர் மறுபடியும் திரையைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், பதினேழு என்று உதட்டுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சார், கோபத்தை ரத்தத்துல அளந்து சொல்ல எனக்கு மிஷின் இல்ல. ஆனா முந்தாநாள் இவங்க உடம்புல தைராய்டு உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அளவுதான் இருந்திருக்கு. அது இவங்க பேசுனதுதான்."

வடிவுக்கு இன்னது என்று சொல்லத் தெரியாத சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நெஞ்சு வேகமாக அடிக்கிறதா என்று பார்த்தாள், சாதாரணமாகத்தான் அடித்தது. இவ்வளவு நேரம் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து பூவையும் நரம்பையும் பூட்டிய கதவையும் சுற்றிச் சுற்றி வந்ததும் அப்படியென்றால் அவள்தான். அயோடினை வைத்து மதினியைப் பட்டினி போடத் திட்டம் போட்டவளும் அவளேதான், அதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ரொம்ப இல்லை. டாக்டர், "சரி, மூணுல எதுன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டபோது பதில் மறுநாள் பல் தேய்க்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை.

"மாத்திரையே போதும் டாக்டர். கேக்கிற மருந்த விட்டுட்டு கழுத்த அறுப்பானேன். ஒன்றரை வருசம் ஒழுங்காச் சாப்பிடுதேன். நிறுத்துன பொறகு திரும்ப வந்தா அப்ப வந்து ஒங்களக் கேக்கேன்."

"நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா மட்டும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ரத்தம் பாக்க வந்திரணும், மறந்திராதீங்க" என்று டாக்டர் சீட்டை எழுதினார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் வண்ணார்பேட்டை வெயில் முகத்தில் அறைந்தது. ஆவுடையப்பன் நாலு எட்டு நடந்தார், நின்றார். "அப்ப, போஸ்ட்மாஸ்டர்கிட்ட பேசுனது?" என்றார். "அப்ப தைராய்டு இருந்துது" என்றாள் வடிவு, நியாயமாக. "முருங்கைக்கா?" "அதுவும் தைராய்டுதான்னு வச்சிக்கோங்க. ஆனா முந்தாநா நாந்தான்." அவர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார், இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை, அன்றைக்கு அக்காதான் பார்த்தாள். "கொடையா பாக்கணும் ஒனக்கு?" என்றார். "ஆமா." "இத்தன வருசத்துல சொல்லவே இல்லியே." "முந்தாநா போன்ல சொன்னேன்லா. தைராய்டு சொல்லுதுன்னு போயிட்டீங்க." அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் நீட்டப் போனவர், வழியிலேயே கையை இழுத்துக்கொண்டு, தானே காதில் வைத்தார். நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை, நட்ட நடு வாசலில் நின்று பேசினார்.

"ஆமாக்கா, டாக்டரப் பாத்தாச்சு... சரியாயிட்டுக்கா... ஆமா, எல்லாம் சரியாயிட்டு, அளவாத்தான் இருக்கு... இல்லக்கா, லீவு போடல... அதான் சொல்லுதேன்லா, சரியான பொறகுதான் சொல்லிருக்கா." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவ கொடை பாக்கட்டும்க்கா. கறிகாய நான் நறுக்குதேன். நீங்களும் ஆளுக்கொரு கை புடிங்க."

உலகம்மாவின் குரல் போனுக்கு வெளியே, வராந்தாவில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வந்தது.

"ஏல ஆவுட, ஒனக்கும் தைராய்டு வந்துட்டால?"